ரொட்டிக்குள் ஒரு கண்ணி

அத்தியாயம் ஐந்து

இந்த வழக்கில் உருப்படியான முதல் தடயத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். பல்லால் கண்டுபிடித்தேன்.

ஹில்மா லாம்பினென் வீட்டுச் சமையலறை. மேஜையில் காபி, வெண்ணெய், ஒரு தட்டில் வெட்டி வைத்த ரை தானியத்துக் கறுப்பு ரொட்டி. துப்பறிய வந்தாலும் சரி, துக்கம் கேட்க வந்தாலும் சரி, எங்கள் ஊரில் காபி குடிக்காமல் பேச்சை ஆரம்பிக்க முடியாது. ஹில்மா தட்டை வெர்னாவின் பக்கமாகத்தான் நகர்த்தினார். மேலே இருந்த துண்டு பெரியதாக இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். கடித்தேன். கடக்கென்றது.

"என்ன ஆச்சு வெண்டல்?" என்றாள் வெர்னா.

"கடைவாய்ப்பல் பாஸ். போயிடுச்சு."

"துப்பு."

உள்ளங்கையில் துப்பினேன். பல்லில் பாதி வந்தது. கூடவே கட்டை விரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டும் வந்தது. ரம்பச் செயினின் ஒரு கண்ணி.

வெர்னா என் பல்லை ஒதுக்கிவிட்டு இரும்பை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெர்னா கெஸ்டிலா என் பாஸ். இருபத்தாறு வருஷம் கிராமத்துச் சாலைகளில் தபால் போட்டவள். ஓய்வு பெற்ற மறு வாரமே துப்பறியும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அடுத்த வீட்டு விஷயம் தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. நான் அவளுடைய உதவியாளன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. கார் உண்டு, அதனால் வேலை கிடைத்தது.

"இது ஹார்வெஸ்டர் செயின்தானே?" என்றாள்.

"சந்தேகமே இல்ல. இவ்வளவு தடிமனா வேற எதுவும் கிடையாது." ரம்பங்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் ரம்பக் கடை வைத்திருந்தேன். கடை பதினோரு மாதம் நடந்தது.

வழக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே சமையலறையின் ஜன்னல் நொறுங்கியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹில்மாவின் தலைக்கு நாலு விரல் மேலே ஏதோ பறந்தது. தரையில் ஒரு செயின் கண்ணி கிடந்தது. தோட்டத்துக்கு அப்பால், ஐம்பது அடி எடுத்து வைத்தால் எட்டிவிடும் தூரத்தில், மரம் அறுக்கும் ஹார்வெஸ்டர் ஒன்று எஞ்சின் ஓட நின்றிருந்தது. அந்த ராட்சசன் மரத்தைக் கட்டிப்பிடித்து, அறுத்து, கிளை சீவி, துண்டு போட்டு அடுக்குவான். ஓடும் வேகத்தில் அவன் செயின் அறுந்தால் கண்ணி தோட்டாவாகக் கிளம்பும். அதனால்தான் ஓட்டுகிறவர் தடிமனான பிளாஸ்டிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறார். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ரம்பத்தை ஓட்டக் கூடாது என்பது சட்டம்.

அதை ஓட்டுகிறவள் ஜோலீன் டெர்வோ. ரம்பத்தைத் தொடவே இல்லை என்கிறாள். ஆனால் தொட்டாள் என்று புகார் எழுதிக் கொடுத்தவர் ஹில்மாவின் கணவர் ரூடி லாம்பினென். முப்பத்தொரு வருஷமாக இந்த மாவட்டத்து மரவெட்டிகள் எல்லோருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அவர் சொன்னால் டெபுடி ஷெரிப்பே நோட்டை மூடிவிடுவார், மூடிவிட்டார்.

நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊர் ஹாலில் இந்த வருஷத்து வகுப்பு. கம்பெனி முதலாளி ப்ரூஸ் ஹார்யு அங்கே எல்லோர் முன்னாலும் ஜோலீனிடமிருந்து மெஷின் சாவியை வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஓட்டுநர் சீட்டுக்காக அவள் ஒன்பது வருஷம், கையில் பிடித்து அறுக்கும் கைமெஷினோடு சேற்றில் நடந்தவள். இந்த சீட்டு போனால் வேறு எந்தக் கம்பெனியும் அவளை ஏற்றாது.

"ரொட்டி செவ்வாய்க்கிழமை எங்க இருந்துச்சு ஹில்மா?" வெர்னா கேட்டாள்.

"இதே மேஜையில. ஆற வெச்சு துணி மூடியிருந்தேன். கண்ணாடித் தூளை உதறிட்டேன். ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல."

மடித்து வைத்திருந்த துணியை வெர்னா விரித்தாள். ஓரமாக ஒரு சின்னக் கிழிசல்.

"வெண்டல், பெரிய மெஷின் கண்ணி தெறிச்சா எவ்வளவு தூரம் போகும்?"

"போன வருஷம் ஒண்ணு பிக்கப் வண்டிக் கதவைத் துளைச்சு, உள்ள இருந்த சாப்பாட்டு டப்பாவைத் துளைச்சு, அந்தப் பக்கக் கதவுல போய்ப் பதிஞ்சுச்சு."

"இது ரொட்டியைக் கூட துளைக்கல."

"ஹில்மா ரொட்டி பாஸ். பிக்கப் கதவைவிட கெட்டி." சொல்லிவிட்டு ஹில்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வெர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"களைச்சுப் போய் வந்த கண்ணி," என்றாள் வெர்னா. "பெரிய மெஷின்ல இருந்து வரல. வேகம் கம்மியான எதுலயோ இருந்து வந்திருக்கு."

"கைமெஷின்லயா? இந்தத் தடிமனுக்கு கைமெஷின்ல செயின் ஓடற பார்ல இருக்கற காடிக்குள்ளயே போகாது. காடியை ராவி அகலப்படுத்தணும், பல்சக்கரத்தை மாத்தணும். எந்த மடையன் அந்த வேலை செய்வான்?"

கேட்டு முடித்ததும் எங்கோ ஏதோ உறுத்தியது. பல் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஜோலீன் மெஷினுக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். பனி உருகும் இரண்டு மாதம் ஊர்ச் சாலைகளில் கனமான வண்டி போகக் கூடாது. தார் பிய்ந்துவிடும். மார்ச்சில் தடை போட்ட அன்று எந்த மெஷின் எங்கே நின்றதோ அங்கேயே மே வரை நிற்கும். ஜோலீனின் மெஷின் நின்றது வாத்தியார் வீட்டு எதிரே. அவள் கெட்ட நேரம்.

"செவ்வாய்க்கிழமை எஞ்சினைச் சூடு பண்ணினேன், அவ்வளவுதான்," என்றாள் வெளியே வந்து. "எத்தன வாட்டி சொல்றது? அறுக்கறதுக்கு இங்க மரம் எங்க இருக்கு?"

"மெஷின்ல புதுச் செயின் இருக்கே," என்றேன். கறாராகக் கேட்க நினைத்தேன். பாதிப் பல்லோடு கேட்டதில் கறார் காற்றாகப் போய்விட்டது.

"திங்கக்கிழமை மாத்தினேன். பழசு அறுந்ததை மறைக்கத்தான் மாத்தினேன்னு முதலாளி சொல்றார். பழசு முழுசா இருந்துச்சு வெர்னா. பல்லு பாதி பாக்கி. தீட்டி, அந்தக் கேட்ல தொங்கவிட்டேன்."

"தூக்கிப் போடற செயினை எதுக்குத் தீட்டணும்?"

"யாராவது எடுத்துட்டுப் போவாங்க. மொட்டையா குடுத்தா நல்லாவா இருக்கும்?" கையைத் துடைத்தாள். "அதை எடுத்துட்டுப் போனதே வாத்தியார்தான். திங்கக்கிழமை சாயங்காலம் வந்து கேட்டார். தபால் பெட்டியைக் கட்டித் தொங்கவிடணும்னார்."

"இதை டெபுடிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆமா வாங்கினேன், தபால் பெட்டிக்குத்தான்னு அவரும் சொல்லிட்டார். வாத்தியார் சொன்னா யாரு போய் பெட்டியைப் பாக்கறா?" மெஷினில் சாய்ந்துகொண்டாள். "அவர்கிட்டதான் நான் மரம் வெட்டவே படிச்சேன். பொம்பளைக்கு எதுக்குன்னு எல்லாரும் சிரிச்சப்ப சிரிக்காத ஒரே ஆள். அவர் ஏன் பொய் சொல்லணும்? அதுதான் எனக்குத் தாங்கல."

வெர்னா சாலையை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். சேறு ஒரு பூட்ஸை வாங்கிக்கொண்டது, திரும்பிப் போய் மீட்டுக்கொண்டு வந்தேன்.

லாம்பினென் வீட்டுத் தபால் பெட்டி ஒரு நீண்ட கழியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. பனி அள்ளும் லாரி இடித்தால் உடையாமல் ஊஞ்சலாடட்டும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் தொங்கவிடுவோம்.

"எதுல தொங்குது?" என்றாள் வெர்னா.

"ஆரஞ்சுக் கயிறு. வைக்கோல் கட்டறது."

"கயிறு புதுசா?"

"வெளுத்துப் போயிருக்கு. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

"மூணு. நான் தபால் போட்ட காலத்துலயே இருந்துச்சு. அப்ப வாத்தியார் வாங்கின செயின் எங்க?"

நான் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் காலையில் காரை ஓட்டி வந்தேன். பெட்டியின் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பற்றி ஒரு ஜோக் கூட அடித்தேன். ஜோக் நன்றாக இருந்ததால் கயிற்றைப் பார்க்கவில்லை.

"அடுத்து விறகுக் கொட்டகை," என்றாள். "வழியில எங்கெல்லாம் பனி இருக்குன்னு பாத்துட்டு வா."

வீட்டின் தெற்குப் பக்கம் வெயில் நாள் முழுக்க அடிக்கும். புல்லே தெரிந்தது. கொட்டகைக்கு முன்னால் மட்டும், ஹார்வெஸ்டருக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே அதே நேர்கோட்டில், இடுப்பு உயரத்துக்குப் பனிக் குவியல்.

"இங்க மட்டும் குளிர் ஜாஸ்தியோ?" என்றேன்.

"மண்வெட்டி எடு."

மூன்று வெட்டில் மரத்தூள் தெரிந்தது. தூள் என்று சொல்லக் கூடாது, அவல் அளவுக்குச் செதில். அதற்கடியில் காற்றில் சாய்ந்த மஞ்சள் பிர்ச் மரம் ஒன்று, வேரோடு, வேரில் மண்ணோடு. பாதி அறுபட்டுக் கிடந்தது. இந்த மண்ணில் சாதாரணச் செயின் பத்து நிமிஷத்தில் மழுங்கிவிடும். ரம்பம் அறுத்த பிளவு என் சுண்டுவிரல் அகலம், தடிமனான செயினின் வேலை.

கொட்டகைக்குள் வாத்தியாரின் மெஷின்கள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பாரும் தூசு படிந்திருந்தது. அரங்கள் ஒரு டப்பாவில் துருப்பிடித்துக் கிடந்தன. முப்பத்தொரு வருஷம் அரத்தைக் காதலிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதரின் அரங்கள். விறகுக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடிய ஏதோ இருந்தது. வெர்னா சாக்கை இழுத்தாள்.

பெரிய கைமெஷின். செயின் இல்லை. பாரின் காடி அகலமாக ராவப்பட்டிருந்தது. கோணலாக ராவப்பட்டிருந்தது. பல்சக்கரம் மாற்றியிருந்தது. கைப்பிடியில் ஓர் அட்டை இன்னும் கட்டியிருந்தது: "இனி தீட்டவே வேண்டாம்!!!" மூன்று ஆச்சரியக்குறி.

உறுத்தியது பல் இல்லை என்று இப்போது தெரிந்தது.

"எந்த மடையன் இந்த வேலை செய்வான்னு கேட்டியே," என்றாள் வெர்னா.

அந்த நிமிஷம் எனக்கு ஒரு வழி இருந்தது. அட்டையில் பெயர் இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு நின்றிருக்கலாம். ஜோலீனின் முகம் கண்ணில் வந்து நின்றது.

"நான்தான் பாஸ். கடையில கடைசியா செஞ்ச மெஷின். யாரும் வாங்கல. போன அக்டோபர்ல சர்ச் பழைய பொருள் விற்பனைக்குக் குடுத்துட்டேன். யார் எடுத்தான்னு தெரியாது."

"தெரியும் எனக்கு. நீதான்னு."

"எப்படி?"

"உன் அம்மாவுக்கு நீ போட்ட கடுதாசியை எல்லாம் நான்தானேடா கொண்டு போய்க் குடுத்தேன். கவர் மேல 'அவசரம்'னு எழுதி மூணு ஆச்சரியக்குறி போடுவே. ஒண்ணு கூட அவசரமா இல்ல." அட்டையை மெதுவாக அவிழ்த்தாள். "நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லிட்ட. சரி, வா."

வெளியே கொட்டகை வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். எழுபத்துமூன்று வயது. கைகளை ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தார்.

"பாத்துட்டீங்க," என்றார்.

"பாத்துட்டோம் வாத்தியாரே," என்றாள் வெர்னா. "கையை வெளிய எடுங்க."

எடுத்தார். விரல்கள் கணுக்கணுவாக வீங்கி வளைந்திருந்தன. அரம் பிடிக்கிற கை இல்லை அது, காபிக் கோப்பை பிடித்தாலே அதிசயம்.

"ரெண்டு வருஷமா தீட்ட முடியல," என்றார். "யார்கிட்ட போய்ச் சொல்ல? அக்டோபர்ல ஹில்மா இதைக் கொண்டு வந்து என் பிறந்தநாளுக்குக் குடுத்தா. தீட்டவே வேண்டாமாம்னு அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பெரிய மெஷின் செயினைக் கைமெஷின்ல மாட்டாதீங்கடான்னு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்தறவன் நான். அவ முகத்தைப் பாத்து எப்படி வேண்டாம்பேன்? ஒளிஞ்சு ஒளிஞ்சு அறுத்தேன். அந்தச் செயின் தேஞ்சு போச்சு. ஜோலீன்கிட்ட ஒண்ணு வாங்கி, நீளத்தைக் குறைச்சு, இந்த விரலை வெச்சு ஆணி அடிச்சு ஜாயின்ட் போட்டேன். அந்த ஜாயின்ட்தான் விட்டுச்சு."

"அப்புறம்?"

"ஜன்னல் உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. ஹில்மா செத்துட்டான்னே நினைச்சேன்." கண் கலங்கியது, துடைக்கவில்லை. "அவ வெளிய ஓடி வந்து என்னது ரூடின்னா. நீ குடுத்த மெஷின் உன்னையே கொல்லப் பாத்துச்சுன்னு எப்படிச் சொல்றது? கை தன்னால ஜோலீன் மெஷின் பக்கம் காட்டிடுச்சு. உடனே அவ டெபுடிக்கு போன் பண்ணிட்டா. அதுக்கப்புறம் நான் பேசினது எல்லாம் அந்த முதல் பொய்யைக் காப்பாத்த."

"ஜோலீன்?"

"தெரியும். மூணு நாளா தூங்கல."

"தூங்காம புரண்டது எனக்கும் தெரியும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஹில்மா. கையில் மிச்ச ரொட்டி.

வாத்தியார் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

"நாப்பத்திரெண்டு வருஷமா ரம்பச் சத்தம் கேட்டுச் சமைக்கறேன் ரூடி. உன் மெஷின் நின்ன சத்தமும் ஜன்னல் உடைஞ்ச சத்தமும் ஒண்ணா கேட்டுச்சு. எனக்கு அது தெரியாதா? நீ ஜோலீன் மெஷினைப் பாத்து கையைக் காட்டினப்ப, சரி, ஏதோ காரணம் இருக்கும்னு போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு சீட்டு போகும்னு அப்ப தோணல. புதன்கிழமை ரொட்டி வெட்டினேன். கத்தியில தட்டுச்சு."

"புதன்கிழமையே தெரியுமா?" என்றேன்.

"புருஷனைக் காட்டிக் குடுக்க வாய் வரல. வெர்னா வரான்னு தெரிஞ்சதும், அந்தத் துண்டை அப்படியே தட்டுல மேல வெச்சேன். அவ கத்தியும் வெண்ணெயுமா நிதானமா சாப்பிடறவ. வெண்ணெய் தடவும்போது பாத்துடுவான்னு நினைச்சேன்." என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ குறுக்க கையை விட்ட."

ஆக, இந்த வழக்கின் முதல் தடயத்தையும் நான் கண்டுபிடிக்கவில்லை. துப்பறிவாளருக்காகப் பரிமாறிய தடயத்தை உதவியாளன் முந்திக்கொண்டு தின்றான். பல் போனதுதான் மிச்சம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வகுப்பு," என்றாள் வெர்னா. "நான் டெபுடிகிட்ட பேசறதா, நீங்க பேசறீங்களா வாத்தியாரே?"

வாத்தியார் ரொட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "பத்து மணிக்கு முன்னால யார்கிட்டயும் போகாதே," என்றார்.

*

ஊர் ஹாலில் நூற்றுப்பத்து பேர். மெஷின்கள் முடங்கிக் கிடக்கும் மாதம் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் ப்ரூஸ் ஹார்யு. பக்கத்தில் ஜோலீன், உள்ளங்கையில் மெஷின் சாவியை இறுக்கிப் பிடித்தபடி. சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

மணி பத்து. வாத்தியார் இன்னும் வரவில்லை. ப்ரூஸ் எழுந்து தொண்டையைச் செருமினார். ஜோலீன் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

அப்போது கதவு திறந்தது. வாத்தியார் என் மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். ஹில்மா ரொட்டியோடு பின்னால் வந்தார். இரண்டையும் மேஜையில் வைத்தார்கள். வாத்தியார் பையிலிருந்து அறுந்த செயினை எடுத்துப் பக்கத்தில் போட்டார்.

"உக்காரு ப்ரூஸ். சாவியை உள்ள வை ஜோலீன்," என்றார். "இந்த வருஷம் பாடம் ஒண்ணே ஒண்ணு. பெரிய மெஷின் செயினைக் கைமெஷின்ல மாட்டின முட்டாளோட கதை. அந்த முட்டாள் நான்."

தன் விரல்களை உயர்த்திக் காட்டி, பனிக் குவியல், ரொட்டியில் உடைந்த பல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், ஓரமாக நின்றிருந்த டெபுடியிடம் புகார்க் காகிதத்தைக் கேட்டு வாங்கி, எழுத்து கோணினாலும் கையெழுத்துப் போட்டுப் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"மெஷின் செஞ்சது யாரு வாத்தியாரே?" பின் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

வாத்தியார் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனிதர். வெர்னாவும் கூரையைப் பார்த்தாள். நூற்றுப்பத்து பேர் முன்னால் நான் எழுந்தேன். வாயைத் திறந்து பாதிப் பல்லைக் காட்டினேன். ஹால் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கடை திறந்த நாளில் கூட இத்தனை பேர் வரவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் ஜோலீன் மேஜைக்குப் போனாள். வாத்தியார் நிமிர்ந்து நின்று, அடி விழப் போகிறது என்பது போல் காத்திருந்தார். அவள் அறுந்த செயினை எடுத்து ஜாயின்ட்டைப் பார்த்தாள். அந்தக் கோணல் ஆணியை விரலால் தடவினாள்.

"மூணு நாள் என்னைக் கொன்னுட்டீங்க," என்றாள்.

"ஆமாம்மா."

"உங்க மெஷின் எல்லாம் தூசு படிஞ்சு தொங்குதாம். வெர்னா சொன்னா." செயினைக் கீழே வைத்தாள். "இனிமே சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். எல்லாத்தையும் தீட்டிக் குடுத்துட்டுப் போறேன். வேற யார்கிட்டயும் கேக்காதீங்க. என்கிட்ட கேளுங்க."

வாத்தியார் அந்த வளைந்த விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து, "நானும் வரேன் ஜோலீன், நாலு அரம் இருக்கு என்கிட்ட," என்றேன்.

ஜோலீன், வாத்தியார், ஹில்மா, வெர்னா நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீ உக்காரு."